தொண்ணூறு கிலோ மாப்பிள்ளை

“எடை எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டாள் கடைக்காரம்மா.

“தொண்ணூறு கிலோ” என்றான் மாப்பிள்ளை, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாமனாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொண்ணூறா? இவனை நனைத்து நிறுத்தாலும் அறுபதைத் தாண்டாதே!

கடைக்காரம்மா மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னவோ மாமனாரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

கடை முழுக்க, கடல் அலையில் ஏறிச் சறுக்கும் பலகைகள் சுவரோடு சாத்தி நின்றன. “அவர் போர்டு வாங்கப் போறாருப்பா. நீங்களும் கூடப் போயிட்டு வாங்க. இன்னிக்கு ஒரு நாளாவது அவர்கிட்ட வம்புக்குப் போகாதீங்க” என்று மகள் கெஞ்சியதால்தான் வந்தார்.

மாப்பிள்ளை ஒரு பொய்யன் என்பது அவர் முடிவு. பெண் கேட்டு வந்தபோது “வண்டி நல்லா ஓட்டுவேன்” என்றான். நம்பிச் சாவியைக் கொடுத்தார். நேராகக் கொண்டுபோய் அவர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரிலேயே இடித்தான். காலமெல்லாம் லாரி ஓட்டியவருக்கு இப்படி ஒரு மருமகன்! சுவரைப் பூசியாகிவிட்டது. பேத்தியும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். அவர் மட்டும் மறக்கவில்லை. வாயில் ‘வாங்க மாப்ளே’, மனசுக்குள் ‘அவன், இவன்’.

வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தார். இன்றைக்கு இவன் பொய் சொல்லிக் கையும் களவுமாக மாட்டட்டும், மகளைக் கூப்பிட்டு ‘உன் புருஷன் லட்சணத்தைப் பாரு’ என்று சொல்லிவிட்டு, மகள் வீட்டிலிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு தன் பழைய வீட்டுக்கே போய்விடுவது. தனியாகக் கிடந்தாலும் பரவாயில்லை.

“அந்தக் கூர்மூக்கு வெச்சது நல்லாத்தானே இருக்கு?” என்றார் மாமனார், சும்மா இருக்க முடியாமல்.

“அது பழகினவங்களுக்கு, சார். புதுசா ஏறறவங்க அதுல உக்காரக்கூட முடியாது. நீளமா, அகலமா, மேல மெத்துன்னு இருக்கிறதைத்தான் எடுக்கணும். கவிழ்ந்து தலையில பட்டாலும் மண்டை உடையாது.”

அவள் காட்டிய பலகை கதவு மாதிரி இருந்தது.

“இதைத் தூக்கிட்டுப் போனா கடற்கரையே சிரிக்கும், மாப்ளே.”

“சிரிக்கட்டும் மாமா. இதுவே இருக்கட்டும்.”

“நீச்சல் எப்படி?” என்றாள் கடைக்காரம்மா.

“பிரமாதமா வரும். மீன்தான்.”

மாமனார் பல்லைக் கடித்தார். மீனாம்! ஆற்றில் நீந்தியே வளர்ந்த தன் முன்னாலேயா? கடலுக்குப் போனால் கணுக்கால் நனைந்ததுமே “போதும், போதும்” என்று கரைக்கு ஓடி வருகிறவன்.

“முட்டி, இடுப்புல ஏதாவது தொந்தரவு?”

“வலது முட்டி சரியா மடங்காது. காலையில எழுந்ததும் ரொம்பப் படுத்தும்.”

அடப்பாவி! நேற்றுச் சாவியைத் தொலைத்துவிட்டு, பூட்டின கேட்டைத் தாண்டிக் குதித்தானே, அது எந்த முட்டி?

“ஆரம்பத்துல நிறைய விழணும். பொறுமை இருக்கா?”

“சுத்தமாக் கிடையாது. சட்டுனு கோபம் வந்துடும்.”

இதைத்தான் மாமனாரால் ஜீரணிக்க முடியவில்லை. இவனுக்கா கோபம்? நாம் இத்தனை வருஷமாகக் கரித்துக் கொட்டுகிறோம், ஒரு வார்த்தை திருப்பிப் பேசியதில்லையே! இப்படித் தன்னையே அவனைப் புகழ வைத்துவிட்டானே என்று எரிச்சல் இன்னும் ஏறியது.

“மாமா, சிவப்பு, நீலம் ரெண்டும் இருக்கு. எது எடுக்கட்டும்?”

“எதையோ எடுங்க! நானா ஏறப்போறேன்?”

“சும்மா சொல்லுங்க மாமா. தினமும் சாயங்காலம் கடல் பார்த்து உக்கார்றீங்க. விழறவங்களை எல்லாம் ‘காலை முன்னாடி வைடா மடையா’ன்னு திட்டறீங்க. உங்களுக்குத் தெரியாததா?”

“திட்டறது வேற. சிவப்பு எடுங்க. அலைக்கு நடுவுல தெரியும்.”

“சிவப்பே குடுங்கம்மா. என் வீட்டுக்காரிக்கும் அதான் பிடிக்கும்” என்று மாப்பிள்ளை மகளை இழுத்ததும் மாமனாருக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேவிட்டார்.

“போதும் நிறுத்துங்க! ஏம்மா, இவர் சொல்றதுல ஒண்ணுகூட நிஜம் இல்ல! தொண்ணூறு கிலோவாம்! தொண்ணூறு கிலோன்னா எப்படி இருக்கும் தெரியுமா? இதோ, என்னை மாதிரி இருக்கும்! முட்டி மடங்கலைன்னா எப்படி நடப்பாங்க? என்னை மாதிரி நடப்பாங்க! கோபம்னா…”

“அதுவும் தெரியுது, சார்” என்றாள் கடைக்காரம்மா. சிவப்புப் பலகையை எடுத்துத் தரையில் விரித்திருந்த பாயின்மேல் கிடத்தினாள். “நீளம் சரியா இருக்கான்னு பார்க்கணும். ஏறிப் படுக்கச் சொல்லுங்க.”

“படுங்க மாப்ளே, படுங்க! உங்க பொய் எவ்வளவு நீளம்னு நானும் பார்க்கறேன்.”

மாப்பிள்ளை படுக்கவில்லை. குனிந்து மண்டியிட்டு, மாமனாரின் வலது கால் செருப்பு வாரைக் கழற்ற ஆரம்பித்தான்.

“உங்களுக்குத்தான்னு சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா மாமா? காலைக் கொஞ்சம் தூக்குங்க.”

திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் கால் தானாகத் தூக்கிக்கொண்டது.