அச்சில் சுற்றிய முடி

போத்தனூர் வீட்டு மேசைமேல் காலை வெயில் விழுகிறது. ரங்கராஜ் ரிமோட் காரைக் கவிழ்த்து, கட்டைவிரல் பருமனுள்ள மோட்டாரைக் கழற்றி, மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் புழுதியைத் துடைக்கிறார். பட்டறையில் பம்ப்செட் மோட்டார்களைப் புரட்டும் கை, இந்தச் சின்னதைப் பிடிக்கத் தடுமாறுகிறது. போன ஆடியில் மகள் லாஸ்யா காய்ச்சலில் இறந்தபின் கார் அலமாரியிலேயே கிடந்தது. தன் தங்கை மகளின் பிறந்தநாளுக்குக் கொடுத்துவிடலாம் என்று மனைவி கோமளாதான் இன்று எடுத்து வைத்திருக்கிறாள். மோட்டாரின் அச்சு சுழல மறுக்கிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிறார். நீளமான முடி ஒன்று அச்சில் இறுகச் சுற்றியிருக்கிறது. லாஸ்யா எப்போதும் தரையில் படுத்து, பின்னல் அவிழ்ந்து கிடக்க, முகத்தருகே காரை ஓட்டுவாள். பிளேடை எடுத்தவர், அறுக்க மனமில்லாமல் அதைக் கீழே வைக்கிறார். ஊசிமுனையால் சுற்றுச்சுற்றாகப் பிரிக்கத் தொடங்குகிறார். ரயில் ஒன்று நீளமாகக் கூவிக் கடக்கிறது. அடுப்படியிலிருந்து கோமளா கையைத் துடைத்தபடி வருகிறாள்.

“ஏனுங்க, ஓடுதுங்களா?”

ரங்கராஜ் அறுபடாமல் வந்த முடியை உள்ளங்கையில் வைத்து நீட்டுகிறார். கோமளா குனிந்து பார்க்கிறாள். பிறகு தணிந்த குரலில் சொல்கிறாள்.

“சன்னலச் சாத்திப்போடுங்க. காத்துக்குப் பறந்துருமுங்க.”