பேர் வாசிப்பு

"இந்த ஞாயித்துக்கிழமை செபமாலையம்மா பேரை வாசிக்கத்தான் போறேன். நீ குறுக்க பேசாத."

உபதேசியார் வேதமுத்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். மனைவி மரியபுஷ்பம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன, திரும்பவும் கிறுகிறுப்பா? மாத்திரை போட்டியா?"

"போட்டேன், போட்டேன். நீங்க கெளம்புங்க."

சூரியநெல்லிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் இருக்கும் சின்னக் கோயிலுக்கு வேதமுத்துதான் எல்லாம். பங்குச் சாமியார் எப்போதாவதுதான் மேலே வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவது இவர். ஜெபம் முடிந்ததும் இன்னொன்றும் நடத்துவார். ஜிபி பிரதர் என்ற பிரசங்கியின் ஜெபக்கூட்டத்துக்குப் போனவர்களின் பேரை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பார். செவ்வாய்க்கிழமை ஜீப் பிடித்துக் கீழே போய், அதே பேர்களைச் சாமியாரிடமும் ஒப்பித்துவிட்டு வருவார்.

"பேர் வாசிக்கிறத விட்டுட்டு வீடு வீடாப் போய்ப் பேசுங்க, உபதேசியாரே" என்று சாமியாரும் சொல்லிப் பார்த்துவிட்டார். பேசினால் யார் கைதட்டப் போகிறார்கள்?

மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு விசுவாசம் இல்லை என்பது ஜிபி பிரதரின் உபதேசம். அதை எதிர்த்ததில் வேதமுத்து மேல் ஒரு தப்பும் சொல்ல முடியாது. என்ன, எதிர்க்கிற சுகம் மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கேறிவிட்டது.

"கள்ள உபதேசம் எந்த வாசல்ல வேணா நுழையட்டும். என் வாசல்ல நுழையாது" என்று டீக்கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவருக்கு செபமாலையம்மாள் விஷயம் பேரிடியாக இருந்தது. கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். திருவிழாவுக்குத் திருவிழா கோயில் மாதா சிலைக்குச் சேலை கட்டுகிற பாக்கியம் அவளுடையது. அந்தச் சேலை மடிப்பைப் பார்க்கவே பக்கத்து எஸ்டேட்டில் இருந்து பெண்கள் வருவார்கள். அவள் போய் ஜிபி பிரதர் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருகிறாளாம்!

அன்று, ஏலக்காய் உலர்த்தும் பழைய ஸ்டோரில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வேதமுத்து ஜன்னலுக்கு வெளியே படம் பிடிக்கச் செல்போனோடு நின்றார்.

"டாக்டர் தந்த மருந்தெல்லாம் இந்தக் கூடையில இடணும். ஆண்டவர் உங்களைப் பாத்துக்கும்!" என்றார் ஜிபி பிரதர், மலையாளம் கலந்த தமிழில்.

ஒவ்வொருவராக எழுந்து வந்து போட்டார்கள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுகிற மருந்து.

"அல்லேலூயா!" என்று எல்லோரையும் விட உரக்கக் கத்தியது செபமாலையம்மாள்தான். கூடையை இடுப்பில் தூக்கிவைத்ததும் அவள்தான். "நான் குழியில போட்டு மூடிட்டு வாரேன் பிரதர்."

வேதமுத்துவுக்கு ரத்தம் கொதித்தது. ஸ்டோருக்குப் பின்னால் ஓடினார்.

"ஏம்மா செபமாலை! மாதாவத் தொட்ட கையா இது? ஞாயித்துக்கிழமை உன் பேரை வாசிக்கிறேன். இனி மாதா சேலையில உன் விரல் படாது!"

செபமாலையம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கை நிற்கவில்லை. குழிக்குள் வெறும் சருகைத் தள்ளினாள். மாத்திரைகளை அள்ளி அள்ளி மடியில் கட்டினாள்.

"என்ன பண்ற?"

"சத்தம் போடாதீங்க, உபதேசியாரே. பிரதர் காதுல விழுந்தா கூடைய வேற ஆள்கிட்ட குடுத்திருவாரு. அந்த ஆளு நெசமாவே குழியில போட்டிரும்."

"அப்போ நீ...?"

"ராத்திரிக்கு முன்னால அவங்கவங்க வீட்டுல சேத்திருவேன். மகன்கிட்டயோ மருமககிட்டயோ குடுத்தாப் போதும். அழுதோ சண்ட போட்டோ முழுங்க வச்சிருவாங்க. சூசையப்பன் மகள் அப்படித்தான் தகப்பனைக் காப்பாத்துனா. மத்தவங்களும் ஒவ்வொருத்தராத் தெளிஞ்சு வாராங்க."

வேதமுத்துவின் கையிலிருந்த செல்போன் தானாகத் தாழ்ந்தது.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல? நானும் கூட நின்னிருப்பேனே!"

செபமாலையம்மாள் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, உள்ளேயிருந்து ஒரு நீல டப்பாவை எடுத்து நீட்டினாள்.

மூடியில் ஆரோக்கிய மாதா படம். வேளாங்கண்ணியில் வேதமுத்துவே பேரம் பேசி வாங்கி, மனைவிக்கு பிரஷர் மாத்திரை போட்டுவைக்கக் கொடுத்த டப்பா. உள்ளே மாத்திரைகள் அப்படியே இருந்தன.

"இது... எப்படி...?"

"செவ்வாய்க்கிழமையும் கூட்டம் உண்டு, உபதேசியாரே. நீங்க சாமியாரைப் பாக்கப் போற நேரம்."

வேதமுத்துவுக்குக் காலையில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மரியபுஷ்பம் கண்ணுக்குள் வந்தாள்.

"அவகிட்டயே திருப்பிக் குடுத்துப் பாத்தேன், வாங்க மாட்டேன்னுட்டா" என்றாள் செபமாலையம்மாள். "மத்த வீட்டுலயெல்லாம் நம்பிக் குடுக்க ஒரு ஆளு இருந்துச்சு. உங்க வீட்டுல நீங்க ஒருத்தர்தான். உங்ககிட்ட குடுத்தா ஞாயித்துக்கிழமை அவ பேரையும் வாசிச்சிருவீங்களேன்னு பயந்துதான், இத்தன நாளா மடியிலயே வச்சிருந்தேன்."