மக்க மாட்டேன் என்கிறது

"இன்னும் அப்படியேதான் இருக்கு!"

குழியோரம் மண்டியிட்டிருந்த விஞ்ஞானி பெருமூச்சு விட்டாள். உள்ளங்கையில் தபால்தலை அளவுச் சில்லு, நேற்றுச் செய்ததுபோலப் பளிச்சென்று கிடந்தது. புதைத்து இன்றோடு பன்னிரண்டு வாரம்.

ஜெலட்டினும் பட்டும் கரைத்து வார்த்த மெல்லிய ஏடு அது. மேலே செடிச் சாயத்தில் மின்பாதை. மண்ணின் ஈரத்தை அளந்து சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் மண்ணோடு மண்ணாகிவிட வேண்டும். ஆய்வகத்தில் அளப்பதெல்லாம் ஒழுங்காக அளந்தது. மண்ணில் மக்கத்தான் மாட்டேன் என்றது.

"ஊர்ல எல்லாரும் கெடாத பொருளுக்கு அலையறாங்க. நீ கெட்டுப் போற பொருளுக்கு மூணு வருஷமா மாரடிக்கிறே. நம்ம வீட்டுத் தக்காளியைக் கேட்டா சொல்லித் தருமே!" என்பாள் மாமியார். முதலில் இவளும் சேர்ந்து சிரித்தவள்தான். இப்போது சிரிக்கவும் தெம்பில்லை.

செல்பேசி அடித்தது. ஆராய்ச்சி நிலைய இயக்குநர்.

"மக்கிடுச்சாம்மா?"

"இல்லை சார். ஓரம்கூடக் கரையலை."

"இன்னிக்குத்தான் கடைசிக் கெடு. நானும் எத்தனை நாள்தான் முட்டுக் கொடுக்கிறது, சொல்லு?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெள்ளிதோறும் தோண்டுவதும், பார்ப்பதும், திரும்பப் புதைப்பதுமாக முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

"ஆராய்ச்சியை மூடிடுங்க சார். என்னாலயும் முடியலை."

"சரிம்மா. மேலிடத்துக்கு இப்பவே சொல்லிடறேன். நீ வருத்தப்படாதே."

வருத்தப்படாமல் என்ன செய்வதாம்? மூன்று வருட உழைப்பு மூன்று நிமிடத்தில் முடிந்தது.

செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர், குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தார். ஆராய்ச்சி செய்து வாங்கிய டாக்டர் பட்டம் என்று எத்தனை முறை சொன்னாலும், அவளிடம் இருமலுக்கு மருந்து கேட்கிறவர். தங்கமான மனிதர். முதல் நாள் புதைத்தபோது, அவர் மண்வெட்டி தெரியாமல் பட்டுவிடக் கூடாதே என்று, 'என் பொழைப்பே இதுலதான் இருக்குண்ணே, பத்திரமாப் பார்த்துக்குங்க' என்று சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து அந்த இடத்தில் ஒரு கோழியைக்கூட அவர் அண்ட விட்டதில்லை.

"ஏன் டாக்டரம்மா, முகம் இப்படி வாடிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்லைண்ணே. எல்லாம் முடிஞ்சு போச்சு. இதைக் குப்பையில போட்டுடுங்க."

தோட்டக்காரர் பதறிப் போனார்.

"ஐயய்யோ, குப்பையிலயா? பத்திரமாப் பார்த்துக்கச் சொன்னீங்களேம்மா! வாராவாரம் நீங்க அந்தப் பக்கம் போனதும் தோண்டி எடுத்து, துணியால துடைச்சு, பிஸ்கட் டப்பாவுல மூடி வெச்சிருந்து, வெள்ளிக்கிழமை நீங்க வர்றதுக்கு முன்னாடி பழையபடி புதைச்சு வெச்சேனே... இந்த மூணு மாசத்துல ஒரு சொட்டு ஈரம் பட விட்டிருப்பேனா?"