தூசிதான் காரணம்

"இந்தா, கையெழுத்தைப் போடு. நாளையிலேர்ந்து நீ அந்த லைப்ரரிப் பக்கமே போகக்கூடாது."

தொண்டை மருத்துவரின் அறைக்கு வெளியே உட்கார்ந்தபடி, கணவர் ராஜினாமாக் கடிதத்தை மனைவியின் மடியில் வைத்தார். அவள் அதைப் படித்துவிட்டு, பேனாவை மட்டும் திருப்பித் தந்தாள். பதினெட்டு வருட வேலை. ஆனால் இரண்டு மாதமாகக் குரல் கம்மிப்போய், நாலு வார்த்தை பேசினாலே தொண்டையைப் பிடித்துக்கொள்கிறாள்.

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தார், நடந்தார், மீன் தொட்டியை எட்டிப் பார்த்தார், மறுபடி வந்து உட்கார்ந்து காலை ஆட்டினார். பழைய புத்தகத் தூசி, அதனால் அலர்ஜி, அதனால் வீக்கம் என்று அவரே முடிவு கட்டியிருந்தார். ஒருவேளை அது இல்லாமல் வேறு ஏதாவதாக இருந்துவிட்டால் என்று நினைக்கும்போதெல்லாம் மறுபடி எழுந்து நடந்தார்.

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நர்ஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இவர்களையே பார்த்து நின்றாள்.

"வாயைத் திறந்து கூப்பிட்டா என்னவாம்? முத்து உதிர்ந்துடுமோ?" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

மருத்துவர் மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்தார்.

"குரல் நாண் ரெண்டும் வீங்கியிருக்கு. பயப்படற மாதிரி கட்டி கிட்டி எதுவும் இல்ல" என்றார் கணீரென்று.

கணவருக்குப் போன உயிர் பாதி திரும்பியது. "அலர்ஜிதானே டாக்டர்? புத்தகத் தூசி?"

"டெஸ்ட்ல அலர்ஜி இல்லைன்னுதான் வந்திருக்கு. நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம் உண்டா? வீட்ல யாராவது சிகரெட்?"

"அதெல்லாம் கிடையாது" என்றார் கணவர், அவளை முந்திக்கொண்டு.

"அப்ப கத்திப் பேசற வேலையா?"

"லைப்ரரியில யாரு டாக்டர் கத்துவா? இருமினாலே முறைப்பாங்க!"

மனைவி மெல்ல ஏதோ சொன்னாள். மருத்துவர் புருவத்தை உயர்த்தினார். "லீவு நாள்லதான் அதிகமா வலிக்குதா? வீட்ல சண்டையா?"

"வீட்ல நாங்க ரெண்டே பேர். ஒரு சத்தம் வெளிய கேக்காது" என்றார் கணவர் பெருமையாக.

மருத்துவர் கணினிப் பக்கம் திரும்பித் தட்டத் தொடங்கினார். கணவர் சுவரில் இருந்த தொண்டைப் படத்தைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி ஏனோ தலையைக் குனிந்து ஆமாம் என்று ஆட்டினாள்.

சற்று நேரத்தில் ஒரு சீட்டு அவரிடம் நீண்டது.

"முதல்ல இந்த டெஸ்ட்டை எடுங்க. தொண்டை தானா சரியாகிடும். வேலையை விட வேண்டாம்."

சீட்டைப் படித்தார். செவித்திறன் பரிசோதனை. நோயாளியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அவர் பெயர்.

"என்ன டாக்டர், தொண்டைக்கு வந்தா காதுக்கு எழுதியிருக்கீங்க? அதுவும் என் பேருல?"

மருத்துவர் மனைவியைப் பார்த்தார். கணவரின் முகம் விழுந்துவிட்டது. மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்குக் காதுல கோளாறுன்னா, நீ ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் அவர் காதருகே குனிந்து, மிச்சமிருந்த குரலையெல்லாம் திரட்டினாள்.

"ஒரு வருஷமா அதைத்தாங்க கத்திக் கத்திச் சொல்லிட்டிருக்கேன்!"