நீலப் பூனையும் யாகப்புவும்

"தலை நரைக்கத் தொடங்கிட்டுது, உனக்கு என்னத்துக்கடா தம்பி பொம்மை?"

செருப்பைக் கழற்றும்போதே றோசம்மா தொடங்கிவிட்டாள். காலைப் பூசை முடிந்து நேரே தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த யாகப்பு நிமிர்ந்து பார்த்தான்.

"இரு அக்கா. முதல்ல தேத்தண்ணி குடி."

"தேத்தண்ணி கிடக்கட்டும். நாளைக்குக் கடற்றொழிலாளர் சங்கக் கூட்டம். தலைவருக்கு உன்னைத்தான் போடுறதெண்டு எல்லாரும் இருந்தவை. இப்ப என்ன கதைக்கினம் தெரியுமே? பொம்மை வைச்சு விளையாடுறவனை நேவிக்காரனோட கதைக்க அனுப்பினா, கடலுக்குப் போற பாஸையும் பறிச்சுப்போடுவாங்கள் எண்டு பகிடி பண்ணுகினம்!"

யாகப்பு சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் றோசம்மாவுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

பொம்மைக் கதை ஊர்காவற்றுறை முழுக்கப் பிரசித்தம். யாகப்புவின் மனைவி மேரிஜோசப்பினுடைய தம்பி கிளின்ரனுக்குப் பாரிசில் ஒரு பொம்மைக் கடையில் வேலை. சின்னப் பிள்ளைகளுக்கான கடை அல்ல. பழைய கார்ட்டூன் முயல், பூனை, வாத்துகளை ஓவியர்கள் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றி வரைய, அதை வினைலில் வார்த்து, வளர்ந்த ஆட்களுக்கு விற்கிற கடை. சண்டை நின்று சமாதானம் வந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்ததிலிருந்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது ஒன்றைக் கொடுத்துவிடுவான்.

முதல் பொம்மையை யாகப்பு வாங்கிக்கொண்டு வந்த அன்று சோதனைச் சாவடியில் பார்சலைப் பிரித்தார்கள். பஸ்ஸில் வந்த சனமெல்லாம் வரிசையில் நிற்க, நேவிக்காரன் ஒற்றைக்கண் முயலொன்றைத் தூக்கிப் பிடித்து, இது யாருடையது என்று கேட்டான்.

"என்ர," என்றான் யாகப்பு.

கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், முறுக்கு மீசை. நேவிக்காரனுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. அதே வரிசையில் நின்ற றோசம்மாவுக்கு மானமே போய்விட்டது.

அதற்குப் பிறகாவது ஆள் திருந்தினானா? கண்ணாடி அலுமாரியில் இப்போது ஒரு தட்டு நிறையப் பொம்மைகள். கலியாணத்துக்கு வந்த கோப்பைகளெல்லாம் கீழே இறங்கிவிட்டன.

உண்மையில் றோசம்மாவுக்குத் தம்பியைவிட மேரிஜோசப்பினை நினைத்துத்தான் கவலை. கலியாணமாகி எத்தனையோ வருசம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தாயிற்று. கோயில் கோயிலாக எண்ணெய் வாங்கிப் பூசியாயிற்று. கலியாண வீடோ செத்த வீடோ, அவளைக் கண்டால் பெண்கள் 'உச்' கொட்டாமல் விடுவதில்லை. அதில் பெரிய 'உச்' றோசம்மாவுடையதுதான். அந்தப் பாவத்துக்கு வாய்த்த புருசன் பொம்மை விளையாடுகிறான்!

"இண்டைக்கு உதுகளை அள்ளிக் கடல்ல போட்டிட்டுத்தான் மற்ற வேலை."

அலுமாரியைத் திறந்து, கைக்கு முதலில் அகப்பட்ட நீலப் பொம்மையை இழுத்தாள். யாகப்பு வலையை எறிந்துவிட்டு ஓடிவந்தான்.

"ஐயோ அக்கா, கவனம்! விழுத்திப்போடாத!"

"இது என்ன சீவனடா?"

யாகப்பு பொம்மையை உற்றுப் பார்த்தான். மீசையைத் தடவினான்.

"அது... நாய்."

"நாயோ?"

"ஓம். பழைய படத்தில வாற நாய்."

"நாயில்லை, பூனை!" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. "படத்தில அது கறுப்பு. இந்த ஓவியர்தான் நீலமாக்கி, ஒரு கண்ணை மூட வைச்சவர். கொஞ்சம்தான் செய்தவை, இனிமேல் வராது. இதுக்குச் சோடியா ஒரு பச்சை எலி இருக்கு, அதையும் எடுத்திட்டா அந்த வரிசை முடிஞ்சுது. மச்சாள், காதில பிடியாதேங்கோ, கழண்டுபோடும்..."

அகப்பையும் கையுமாக வாசலுக்கு வந்த மேரிஜோசப்பினின் முகம் அப்படியே மலர்ந்து கிடந்தது. றோசம்மா இத்தனை வருசத்தில் அவளை அப்படிப் பார்த்ததில்லை. இருவரும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் அவள் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

யாகப்பு பூனையை வாங்கி, பின்பக்கம் முன்னுக்குத் தெரிய வைத்து, அலுமாரியைச் சாத்தினான்.

"அவளின்ரயோ?" என்று கேட்டாள் றோசம்மா.

"மெல்லக் கதை அக்கா."

"பின்னை ஏனடா உன்ர எண்டு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியிறாய்?"

"அவளின்ர எண்டு சொல்லியிருந்தா என்ன செய்திருப்பியள்? பாவம், பிள்ளையில்லாத குறைக்குப் பொம்மையைக் கொஞ்சுறாள் எண்டு, இருந்த 'உச்'சோட இன்னொரு 'உச்'சும் கொட்டியிருப்பியள். அவளுக்கு அதில விருப்பம், அவ்வளவுதான். எனக்குக் கள்ளில விருப்பம் மாதிரி. என்னைப் பாத்தாச் சனம் சிரிக்கும். சிரிச்சிட்டுப் போகட்டும்."

"அப்ப சங்கத் தலைவர்?"

"அதுக்கு வேற ஆளா இல்லை?"

றோசம்மா கதிரையில் இருந்துவிட்டாள். தான் இதுவரை கொட்டிய 'உச்'சையெல்லாம் நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. மேரிஜோசப்பின் தேத்தண்ணியோடு வந்தபோது, வழமையாகக் கேட்கிற எந்தக் கேள்வியையும் அவள் கேட்கவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு, அந்தக் கையை ஒருமுறை இறுகப் பிடித்தாள்.

வெளியே வந்தபோது, படலையடியில் பக்கத்து வீட்டு ஞானசவுந்தரி காத்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் சத்தம் கேட்டதிலிருந்து அங்கேதான் நின்றிருப்பாள்.

"என்ன றோசம்மாக்கா, பொம்மை விசரைத் தெளிய வைச்சிட்டியளே?"

"எங்க தெளியிறது? அது எங்கட குடும்பத்துக்கே உள்ள விசரெல்லோ," என்றாள் றோசம்மா, தெருவுக்கே கேட்கும்படியாக. "எனக்கும் ஒண்டு எடுப்பிக்கச் சொல்லிப்போட்டுத்தான் வாறன்."