கொட்டகையை வாங்கியவர்

விலைக்கு வந்த நாடகக் கொட்டகை வெளியாள் கைக்குப் போகாமல் இருக்க, ஊர்க்காரர்களே அதை வாங்கிவிடலாம் என்று ஒப்பனைக்காரம்மா மூன்று மாதமாக வீடு வீடாக ஏறி இறங்கி நன்கொடை திரட்டினாள். மகனிடம் மட்டும் மூச்சு விடவில்லை. தெரிந்தால், முட்டி வலியோடு எதற்கு அலைகிறாய் என்று சண்டைக்கு வருவான்.

கொட்டகைக்காரர் தந்திருந்த கெடு நாளன்று பணப்பையோடு அவர் வீட்டுக்குப் போனாள்.

"நேத்தே கிரயம் முடிஞ்சிடுச்சும்மா. கேட்டதுக்கு மேலயே குடுத்தாங்க."

"யாருங்க?"

"சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. இடிச்சிட்டு வீடு கட்டப் போறாங்களாம்."

பணம் தந்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? வாங்கியவன் விளங்கவே மாட்டான் என்று வழியெல்லாம் வயிறெரிந்து சபித்துக்கொண்டே வந்தாள்.

வாசலில் மகன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆயுசு முழுக்க வாடகை வீட்டுலயே கிடந்து என்னை ஆளாக்கினியேம்மா. உன் உசிரு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? அந்தக் கொட்டகை இருக்கிற இடத்துலயே உனக்கு வீடு கட்டறேன். காலையிலேயே மேடையை இடிச்சாச்சு."

அவன் கண்கள் கலங்கியிருந்தன.

அவள் பணப்பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "எத்தனை ரூமுப்பா?" என்று கேட்டாள்.