செவ்வாய்க்கிழமை பூட்டிய அரண்மனை

"உள்ளுக்க படம் எடுக்க விடமாட்டாங்கள் அக்கா. அதுதான் ஒரு படமும் இல்லை" என்றாள் ஜசிந்தா.

தேவமலர் தலையை ஆட்டினாள். சரியான பதில்தான். இஸ்தான்புல்லில் கடலோரமாக நிற்கும் தொல்மாபாச்சே அரண்மனைக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் மூன்று வாரம் சுற்றுலா போய் வந்தவர்களிடம் வெளியே நின்று எடுத்த படமாவது ஒன்று இருக்க வேண்டாமா?

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் இருக்கும் இந்த வீட்டுக்கு அவள் வந்தது அரண்மனைக் கதை கேட்பதற்கு அல்ல. மகன் றொனால்டுக்கு ஜசிந்தாவின் மகள் லாராவைப் பேசியிருந்தார்கள். முறைப்படி பெண் பார்க்க வருவதற்கு முன்னால், மாப்பிள்ளையின் தாய் "சும்மா இந்தப் பக்கம் வந்தனான்" என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். அது எப்படிப்பட்ட சும்மா என்று எல்லோருக்கும் தெரியும். லாரா வேலைக்குப் போயிருந்தாள். றொனால்ட் டோர்ட்மண்டிலிருந்து அம்மாவைக் காரில் கூட்டி வந்து இறக்கிவிட்டு, தெருமுனையில் காத்திருந்தான். அவனுக்கு லாராவை நன்றாகப் பிடித்துப்போய்விட்டது. இனி அம்மாவின் வாயிலிருந்து ஒரு "ஓம்" வந்தால் போதும்.

தேநீர்த் தட்டத்தை ஜசிந்தாவின் கணவர் அந்தோனிப்பிள்ளை தூக்கி வந்தார். ஜசிந்தா ஒரு கோப்பையை எடுத்து, இடது கையால் நீட்டினாள். சம்பந்தம் பேச வந்தவளுக்கு இடது கையால் தேநீர்! தேவமலரின் முகம் இறுகியது. அவளும் இடது கையையே நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"வேற என்ன பாத்தனீங்கள்?"

"கப்பல்ல போனனாங்கள் அக்கா. ரெண்டு கரையிலயும் அந்தக் காலத்துப் பெரிய ஆக்களின்ர மரவீடுகள். வாசல்படியிலயே கடல் வந்து அடிக்குது."

"சரியான வடிவு" என்று அந்தோனிப்பிள்ளை அவசரமாக ஒத்து ஊதினார். "அந்தா, அந்தப் பீங்கான்ல இருக்கிறதும் அப்பிடி ஒரு வீடுதான். அங்கதான் வாங்கினனாங்கள்."

சுவரில் ஒரு பீங்கான் தட்டு தொங்கியது. நீலக் கடல், கரையில் ஒரு சிவப்பு மாளிகை. தேவமலர் எழுந்து போய், கிட்ட நின்று அதைப் பார்த்தாள். தேவைக்கு அதிகமான நேரம் பார்த்தாள்.

"தொப்காப்பிக்குப் போகேல்லையே? சுல்தான்மார் இருந்த பழைய அரண்மனை?"

"போகாமல் வருவமே? போன அடுத்த நாள் முழுக்க அங்கதான் நிண்டனாங்கள். செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமை அது பூட்டெல்லே, ஜசிந்தா?"

"அவ நாளை மாறிச் சொல்லுறா. புதனாத்தான் இருக்கும்" என்றார் அந்தோனிப்பிள்ளை. அவருக்கு வேர்த்துவிட்டது. ஜசிந்தா தேவமலரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்க்கவா தேவமலர் இவ்வளவு தூரம் வந்தாள்?

"இன்னொண்டு கேக்கிறன், குறை நினையாதேங்கோ. உங்கட பக்கத்தில வருத்தம் கிருத்தம் ஏதும்...?"

"ஒண்டும் இல்லை அக்கா" என்றாள் ஜசிந்தா. "மாதா புண்ணியத்தில எல்லாரும் நல்ல சுகம். நீங்கள் லாராவை மட்டும் பாருங்கோ. அவளில ஒரு குறையும் இல்லை."

"பிள்ளை தங்கமான பிள்ளை" என்றாள் தேவமலர். அதை மனதாரத்தான் சொன்னாள். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

காரில் ஏறியதும் றொனால்ட் ஆவலோடு திரும்பினான்.

"என்னம்மா, ஓமே?"

"இது சரிவராது. விடு."

"ஏன்? லாராவில என்ன பிழை?"

"அவளில ஒரு பிழையும் இல்லை. தாய்தான் பொய் சொல்லுறா. மனுசி இஸ்தான்புல் பக்கமே போகேல்லை."

"இதெல்லாம் ஒரு காரணமே? அவ எங்க போனா எங்களுக்கென்ன?"

"நான் சொன்னால் சொன்னதுதான்."

றொனால்ட் வெறுப்போடு காரைக் கிளப்பினான்.

"பாவம், ஆள் தெரியாமல் உங்களிட்டப் போய் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறா. மூண்டு கிழமை அங்க நிண்டு, அவ்வளவு அரண்மனையையும் சுத்திப் பாத்த ஆளெல்லே நீங்கள்!"

தேவமலர் கைப்பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அதே சிவப்பு மாளிகைத் தட்டு அவள் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. மூன்று வருடங்களுக்கு முன், இவன் லைப்சிக்கில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், புற்றுநோய்க்காக வலது மார்பை எடுத்துவிட்டு வெளியே வந்த அன்று, ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த துருக்கிக் கடையில் அவள் வாங்கியது. இந்த நோய் ஒரு வீட்டில் மட்டும் இருந்தால் எப்படியாவது மூடி மறைத்துவிடலாம். இரண்டு வீட்டிலும் இருந்தால், நாளைக்குப் பிறக்கப்போகும் பேத்தியிடம் எந்த அரண்மனையைச் சொல்லி மறைப்பது?